ரயில் போன பாதையில் இரண்டு சைக்கிள்கள்

“இந்த வயசில் சைக்கிளா?” என்று மூக்கின் மேல் விரலை வைக்காதீர்கள், சகோதரிகளே. முதலில் அப்படி விரலை வைத்தவள் நானேதான். பத்தாம் வகுப்போடு சைக்கிளுக்கு முழுக்குப் போட்டவள். இப்போது வயது நாற்பத்தேழு. மாடிப்படி ஏறினால் முழங்கால் ‘கடக் கடக்’ என்று பேசும். அப்பேர்ப்பட்ட நான், கடல் கடந்து போய், ஏட்ரியாட்டிக் கடலோர மலைகளில், சரளைக்கல் பாதையில் ஒரே நாளில் இருபது கிலோ மீட்டர் சைக்கிள் ஓட்டினேன் என்றால் என் வீட்டுக்காரரே இன்னும் முழுசாக நம்பவில்லை!

ஊர் சுற்றிப் பார்க்க நான் போகவில்லை. என் தங்கைக்காகப் போனேன். அந்தக் கதையையும் சேர்த்தே சொல்கிறேன். கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள் படிக்கும் பத்திரிகை இது. யாராவது ஒருத்திக்கு உபயோகப்பட்டால் போதும்.

தங்கை வீட்டிலிருந்து வந்த போன்

என் தங்கை என்னைவிடப் பத்து வயது இளையவள். அவள் கணவர் இத்தாலியில் த்ரியெஸ்தே நகரத்தில் இருக்கும் சர்வதேச பௌதிக ஆராய்ச்சி மையத்தில் வேலையாக இருக்கிறார். 1964-ல் பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துஸ் ஸலாம் முன்னின்று ஆரம்பித்த மையம் அது. ஏழை நாடுகளின் விஞ்ஞானிகளும் வந்து ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்டது. நம் நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் அங்கே போய் வருகிறார்கள்.

சென்ற ஆண்டு மார்ச் மாதம் மாப்பிள்ளை போன் செய்தார். “அக்கா, அவ சரியா சாப்பிடறதில்லை, பேசறதில்லை. குழந்தை அழுதாலும் வெறிச்சுப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கா. நீங்க ரெண்டு மாசம் வந்து இருக்க முடியுமா?” என்றார். குரல் தழுதழுத்தது.

தலைச்சன் பிள்ளை. அப்போது ஏழு மாதம். நான் பிரசவ லேகியம், பருப்புப்பொடி, பூண்டு ஊறுகாய் எல்லாம் கட்டிக்கொண்டு போய் இறங்கினேன். போன முதல் வாரம் நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவளைத் திட்டினேன். “நாங்கள்லாம் பிள்ளை பெக்கலையா? அம்மா அஞ்சு பெத்து வளர்க்கலையா? மெஷின் இருக்கு, ஹீட்டர் இருக்கு, தங்கமான புருஷன் இருக்கார். உனக்கு என்னடி குறை?” என்றேன். அவள் பதிலே சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மாப்பிள்ளை என்னைத் தனியாக உட்கார வைத்து விளக்கினார். பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு வரும் மனச்சோர்வு இது. சோம்பலும் இல்லை, கொழுப்பும் இல்லை. டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார், வாராவாரம் ஒரு அம்மாள் அவளிடம் பேசுகிறார். அதோடுகூட, தினமும் வெளியே காற்றாட அழைத்துப் போங்கள், அவளுக்கு முன்பு பிடித்திருந்த ஏதாவது ஒன்றைச் செய்ய வையுங்கள் என்று சொல்லியிருக்கிறாராம்.

“அவளுக்கு என்ன பிடிக்கும் அக்கா?” என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது, அப்பாவின் பெரிய சைக்கிள்தான். அதில் குரங்குப் பெடல் போட அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டுத் தெருவைச் சுற்றிச் சுற்றி வருவாள்!

சின்ன ரயிலின் கதை

மாப்பிள்ளை ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தார். “நம்ம ஊருக்குப் பக்கத்திலேருந்தே ஒரு சைக்கிள் பாதை ஆரம்பிக்குது அக்கா. பழைய ரயில் பாதை. உங்க முழங்காலுக்குக்கூட சரிப்படும்” என்றார்.

அந்தப் பாதைக்குப் பெயர் பரென்ஸானா. த்ரியெஸ்தேயிலிருந்து பொரேச் என்ற கடலோர ஊர் வரையில் 1902-ஆம் ஆண்டு திறந்த குறுகிய ரயில் பாதை. பொரேச்சுக்கு இத்தாலியப் பெயர் பரென்ஸோ. அதிலிருந்து வந்த பெயர்தான் இது. தண்டவாளங்களுக்கு நடுவே அகலம் 760 மில்லி மீட்டர்தான். முழு நீளம் 123 கிலோ மீட்டர். வழியில் 33 ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகும். ஆலிவ் எண்ணெய், ஒயின், உப்பு, பழங்கள், கட்டடக் கல் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, மலைக்கு மலை வளைந்து வளைந்து ஆடி அசைந்து போகுமாம். ஏற்றத்தில் ரயில் திணறும்போது பயணிகள் இறங்கி, தோட்டத்தில் திராட்சை பறித்துக்கொண்டு மறுபடி ஓடிவந்து ஏறிக்கொள்வார்கள் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்கிறார்கள்.

மோட்டார் வண்டிகள் பெருகியதும் ரயிலுக்கு வருமானம் போயிற்று. 1935 ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். பாதையும் பாலங்களும் சுரங்கங்களும் மட்டும் முள்ளும் செடியும் மண்டிக் கிடந்தன. இந்த நூற்றாண்டில்தான் அதைச் சுத்தம் செய்து, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். இப்போது அந்தப் பழைய பாதை இத்தாலி, ஸ்லோவேனியா, க்ரோவேஷியா என்று மூன்று நாடுகளில் கிடக்கிறது. ஸ்லோவேனியாவில் பெரும்பாலும் தார் போட்டிருக்கிறார்கள். க்ரோவேஷியாவில் மலைப்பகுதி முழுக்கச் சரளைதான்.

இதில் நம் போன்றவர்களுக்கு என்ன விசேஷம் தெரியுமா? ரயில் எஞ்சினால் செங்குத்தான மலையில் ஏற முடியாது. அதனால் அந்தக் காலத்து எஞ்சினியர்கள் மலையைச் சுற்றிச் சுற்றி, பள்ளம் வந்தால் பாலம் கட்டி, முகடு வந்தால் குடைந்து, மெதுவாக ஏறும்படி பாதை போட்டிருக்கிறார்கள். நூறு அடி தூரம் போனால் மூன்று அடிகூட ஏற்றம் இருக்காது. திணறித் திணறி ஏறின அந்தச் சின்ன எஞ்சினுக்காகச் செய்த ஏற்பாடு, இன்றைக்கு முழங்கால் வலிக்காரிகளுக்கும் பிள்ளை பெற்ற உடம்புக்காரிகளுக்கும் அல்லவா பிரயோஜனப்படுகிறது!

முதல் நாள்: கடலோரம்

சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கும் கடைக்குப் போனோம். தங்கைக்கு ‘கிராவல் சைக்கிள்’ என்ற ரகம். நம் ஊரில் ரோடு போடக் கொட்டுகிற அதே கிராவல்தான்! பார்ப்பதற்குப் பந்தய சைக்கிள் மாதிரி கைப்பிடி வளைந்திருக்கும். டயர் மட்டும் பந்தய சைக்கிளைவிடத் தடிமன், பிடிப்புக்குப் புள்ளி புள்ளியாக இருக்கும். ஏற்றத்தில் மிதிக்க லேசாக இருக்கும்படி நிறைய கியர்கள். எனக்கு அந்த வளைந்த கைப்பிடி பயமாக இருந்தது. நேர் கைப்பிடியும் இன்னும் தடிமனான டயரும் உள்ள சைக்கிளாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சுடிதார், அதன் மேல் மாப்பிள்ளையின் பழைய ஸ்வெட்டர், தலையில் ஹெல்மெட். கண்ணாடியில் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. தங்கையும் பார்த்தாள். சிரிக்கவில்லை.

ஸ்லோவேனியாவில் கோபர் என்ற ஊருக்கும் இசோலா என்ற ஊருக்கும் நடுவே பாதை கடலை ஒட்டியே போகிறது. ஆறு கிலோ மீட்டர்தான். சமதரை. இப்போது அங்கே கார்கள் கிடையாது. முப்பது வருஷம் கழித்துப் பெடலில் கால் வைத்தேன். நாலு முறை தள்ளாடினேன், ஐந்தாவது முறை சைக்கிள் ஓடிற்று. மறக்கவில்லை! தங்கை முன்னால் போனாள், பேச்சே இல்லை. இசோலாவில் தார்ச் சாலை ஓரம் உட்கார்ந்து நான் கட்டிக்கொண்டு போன எலுமிச்சம்பழ சாதத்தைச் சாப்பிட்டோம். அன்றைக்கு அவள் இரண்டு கை சாதம் கூடுதலாகச் சாப்பிட்டாள். எனக்கு அதுவே பெரிசாக இருந்தது.

இரண்டாம் நாள்: கலைஞர்கள் ஊரும் ஆளில்லாத ஊரும்

இரண்டு வாரம் அந்தத் தட்டையான பாதையில் பழகின பிறகு, ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை எங்களையும் சைக்கிள்களையும் குழந்தையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு க்ரோவேஷியாவில் இருக்கும் க்ரோஷ்ன்யான் என்ற மலை ஊருக்குக் கொண்டுபோய் விட்டார். “குழந்தையும் நானும் கீழே லிவாதேயில காத்துக்கிட்டிருப்போம். மெதுவா வாங்க” என்றார்.

இந்த மலைநாட்டுக்கு இஸ்த்ரியா என்று பெயர். குன்றுக்கு ஒரு ஊர் என்று கிரீடம் வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. சுற்றிலும் மதில், நடுவே சர்ச் கோபுரம், கல் பாவிய சந்துகள். கீழே திராட்சைத் தோட்டமும் ஆலிவ் தோப்பும். அங்கங்கே மண் நம் ஊர்ச் செம்மண் மாதிரியே சிவப்பு! பெயர்ப்பலகைகளில் ஊரின் பெயரை இரண்டு பாஷையில் எழுதியிருக்கிறார்கள், குரோவேஷியன் ஒன்று, இத்தாலியன் ஒன்று. காரணம் இருக்கிறது. முதல் உலகப்போர் வரை இது ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யம். பிறகு இத்தாலி. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு யுகோஸ்லாவியா. 1991-லிருந்து க்ரோவேஷியா. நூறு வயது வாழ்ந்த பாட்டி ஒருத்தி வீட்டு வாசலைத் தாண்டாமலே நாலு தேசத்துக் குடிமகளாக இருந்திருப்பாள்!

யுத்தத்துக்குப் பிறகு இத்தாலி பாஷை பேசியவர்கள் ஆயிரம் ஆயிரமாக வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறிவிட்டார்கள். க்ரோஷ்ன்யானும் அப்படிக் காலியாகிப்போன ஊர்தான். 1965-ல் அதைக் கலைஞர்களின் ஊர் என்று அறிவித்து, காலி வீடுகளை ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் கொடுத்தார்கள். இப்போது வாசலுக்கு வாசல் ஓவியக்கூடம். கோடையில் சங்கீத வகுப்பும் கச்சேரியும் நடக்கின்றன. பாழாய்ப் போயிருக்க வேண்டிய ஊர் பிழைத்துக்கொண்டது.

இந்தப் பழைய ரயில் பாதையிலேயே உயரமான இடம் இங்கேதான். 293 மீட்டர். இங்கிருந்து லிவாதே வரை ஏறக்குறைய 20 கிலோ மீட்டர், மொத்தத்தில் இறக்கம். ‘இறக்கம்தானே’ என்று நினைத்ததுதான் தப்பு. புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே ஒரு வளைவில் சரளை நறநறவென்று வழுக்கியது. பின் பிரேக் என்று நினைத்து இடது கைப்பிடியை அழுத்தினேன். அது முன் பிரேக்! நம் ஊர் சைக்கிளில் வலது கைக்கு முன் பிரேக், இடது கைக்குப் பின் பிரேக். எனக்குக் கொடுத்த சைக்கிளில் அப்படியே தலைகீழ். முன் சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. முழங்கையும் சுடிதாரும் கிழிந்தன.

“அக்கா!” என்று கத்திக்கொண்டு தங்கை சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அந்த மாதிரி ஒரு குரலை அவளிடம் நான் போன நாளிலிருந்து கேட்கவில்லை. புட்டித் தண்ணீரை ஊற்றிக் காயத்தில் ஒட்டியிருந்த பொடிக்கல்லைக் கழுவினாள். கைக்குட்டையைக் கட்டினாள். “திரும்பிப் போயிடலாமாக்கா?” என்று கேட்டாள். திரும்பவும் வீட்டுக்குள்ளே போய்ப் படுத்துக்கொள்வாளே என்று எனக்குப் பயம். “எலும்பு முறியலை. மெதுவா போவோம். நீ முன்னாடி போ, நான் உன் தடத்திலேயே வரேன்” என்றேன். அன்று முழுக்க அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நான் அவளைக் கவனித்துக்கொள்ள வந்தவள். அவள் என்னைக் கவனித்துக்கொண்டாள்.

வழியில் ஸாவ்ர்ஷியே என்ற ஊர். இதை யாரும் கலைஞர்களுக்குக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. கல் வீடுகளுக்குக் கூரை இல்லை. ஜன்னல் வழியே கொடி ஏறிப் படர்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு வீடுகளில் மட்டும் மனித வாடை. ஒரு வீட்டு வாசல்படி நடுவில் குழிந்து தேய்ந்திருந்தது. எத்தனை மருமகள்கள் தண்ணீர்க் குடத்தோடு ஏறி இறங்கினார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சுரங்கங்கள், பள்ளத்தாக்கைத் தாண்டும் கல் பாலங்கள். சுரங்கத்துக்குள் நுழைந்தால் வெயில் போய்ச் சில்லென்று இருக்கும். விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒருத்தி பெயரை ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டே போனோம். சாயந்திரம் லிவாதே. மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். தங்கை இறங்கினதும் நேரே போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை, தானாக.

லிவாதேயைச் சுற்றியுள்ள காட்டில் டிரஃபிள் என்ற நிலத்தடிக் காளான் விளைகிறது. நாயை மோப்பம் பிடிக்க விட்டுத் தோண்டி எடுக்கிறார்கள். 1999-ல் ஜியான்கார்லோ ஸிகான்தே என்பவர் தன் நாயின் உதவியோடு 1 கிலோ 310 கிராம் எடையுள்ள ஒரே காளானைத் தோண்டியெடுத்து, அந்தக் காலத்தில் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றாராம். தங்கத்தோடு போட்டி போடும் விலை! ஓட்டலில் பாஸ்தா மேல் கொஞ்சம் சீவிப் போட்டுக் கொடுத்தார்கள். ருசியைவிட வாசனைதான் தூக்கல். பழகினால்தான் பிடிக்கும் போலிருக்கிறது. எனக்கு அவர்களுடைய பீன்ஸ்-சோளச் சூப்பே தேவாமிர்தமாக இருந்தது. மாமிசம் போடாததாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாம் நாள்: ஏற்றம்

அடுத்த வாரம் லிவாதேயிலிருந்து விஷினாதா வரை. இதுதான் ஏற்றப் பகுதி. முதலில் மீர்னா ஆற்றுச் சமவெளி. கருவேலம் போன்ற கறுப்பு மரங்கள் என்று நான் நினைத்தது ஓக் மரங்கள். முற்காலத்தில் வெனிஸ் நகரத்தார் கப்பல் கட்ட இங்கிருந்துதான் மரம் வெட்டிப் போனார்களாம். எதிரே மோதோவுன் குன்று. 277 மீட்டர் உயரத்தில் மதில் சூழ்ந்த ஊர். மேலே போகிறவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் ஏறலாம். ரயில் பாதை மேலே போகாமல் குன்றைச் சுற்றிக்கொண்டு போய், அதன் அடியில் 222 மீட்டர் சுரங்கத்தில் நுழைந்து மறுபக்கம் வருகிறது.

நான் மிகச் சின்ன கியரில், மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் மிதித்தேன். அதுதான் எனக்கு ரகசியம். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். மூன்று முறை இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். அதில் வெட்கமே படவில்லை. சுரங்கத்துக்கு முன்னால் ஒரு திருப்பத்தில், கீழே பள்ளத்தாக்கு முழுசாகத் தெரியும் இடத்தில் உட்கார்ந்தோம். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் குடித்தோம்.

அங்கேதான் அவள் வாயைத் திறந்தாள்.

“அக்கா, குழந்தை பிறந்ததும் எல்லாரும் சந்தோஷம் வரும்னாங்க. எனக்கு எதுவுமே வரலை. யார் வீட்டுக் குழந்தையோ மாதிரி இருந்தது. நான் ராட்சசியோன்னு நினைச்சேன். நீயும் திட்டினப்போ, நிஜம்தான், நான் ராட்சசிதான்னு தோணிச்சு.”

எனக்கு நெஞ்சை அடைத்தது. என்ன பதில் சொல்வது? அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “தெரியாம பேசிட்டேன்டி. மன்னிச்சுக்கோ” என்றேன். பிறகு, இருபத்து நாலு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். என் மூத்தவன் பிறந்தபோது எனக்கும் ஒரு மாதம் அப்படித்தான் இருந்தது. கிணற்றடியில் தனியாக நின்று அழுவேன். கேட்டால் கண்ணில் தூசி என்பேன். ‘பச்சை உடம்புக்காரி, திருஷ்டி’ என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். எப்படியோ போயிற்று. போனதும் நானே மறந்துவிட்டேன். மறந்துவிட்ட தைரியத்தில்தான் தங்கையைத் திட்டினேன்.

அவள் ரொம்ப நேரம் அழுதாள். நான் தடுக்கவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பால் கட்டிக்கிட்டு வலிக்குதுக்கா. சீக்கிரம் போலாம், அவன் பசியோட இருப்பான்” என்றாள். சுரங்கத்தைத் தாண்டி, ஏறி இறங்கி விஷினாதா போய்ச் சேரும்வரை அவள் வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு, சைக்கிள் ஓட்டினால் மனச்சோர்வு தீர்ந்துவிடும் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். அவள் அதன் பிறகும் பல மாதம் மருந்து சாப்பிட்டாள். நடுவில் சில நாள் பழையபடி முகம் இருண்டு போகும். ஆனால் பேச ஆரம்பித்தாள். வீட்டுக்குள்ளே, நாலு சுவருக்கு நடுவே, எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியாததை, அந்தத் திறந்தவெளியில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேச முடிந்தது.

வேறு பாதைகள்

இந்த மாதிரிச் சரளைப் பாதைகள் மத்தியதரைக் கடல் நாடுகளில் இன்னும் பல இருக்கின்றன. இத்தாலியின் தொஸ்கானா மலைகளில் வெள்ளைச் சாலைகள் என்று பெயர் பெற்ற சுண்ணாம்பு நிறச் சாலைகள் உண்டு. அங்கே கியாந்தி பகுதியில் காயோலே என்ற ஊரில் 1997 முதல் பழைய காலத்து சைக்கிள்களில் ஓட்டும் ஒரு விழா நடக்கிறது. அழகான இடம், ஆனால் ஏற்றம் செங்குத்து. நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கே சரி. ஸ்பெயினில் பழைய ரயில் பாதைகளைப் ‘பசுமை வழி’ என்ற பெயரில் நிறையத் திறந்திருக்கிறார்கள். தெற்கே ஒல்வேரா என்ற வெள்ளை ஊரிலிருந்து புவர்த்தோ செர்ரானோ வரை 36 கிலோ மீட்டரில் 30 சுரங்கங்கள்! அந்தப் பாதையில் ரயில் ஓடவே இல்லையாம். கட்டி முடிக்காமல் விட்டதில் இப்போது சைக்கிள் ஓடுகிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் ரயில் பாதையாகத் தேடிப் போனால் முழங்கால் வாழ்த்தும்.

போகிறவர்கள் கவனத்துக்கு

பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து, போய் வரும் சந்தர்ப்பம் கிடைக்கிற தாய்மார்கள் இப்போது நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டவை:

1. சீட்டின் உயரம் முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலி நிச்சயம்.

2. புறப்படும் முன் எந்தக் கைக்கு எந்தப் பிரேக் என்று நின்ற இடத்திலேயே அழுத்திப் பாருங்கள். சரளையில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவில் பிரேக்கைப் பிடிக்காதீர்கள்.

3. டயரில் காற்றைக் கல்லு மாதிரி அடிக்க வேண்டாம். கொஞ்சம் இளக்கமாக இருந்தால்தான் சரளையில் பிடிப்பும் இருக்கும், உடம்பும் குலுங்காது. எவ்வளவு என்று கடைக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. துப்பட்டா வேண்டாம். கால் பக்கத் துணி செயினில் சிக்காமல் ரப்பர் வளையம் போடுங்கள். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் நிக்கர் கிடைக்கிறது. கூச்சப்படாமல் வாங்குங்கள்.

5. ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம். நடுக்கோடையில் மத்தியான வெயில் வேண்டாம். போரா என்ற வடகிழக்குக் காற்று வீசும் நாளில் வெளியே கிளம்பாதீர்கள். 1910-ல் அந்தக் காற்று இந்தச் சின்ன ரயிலையே கவிழ்த்திருக்கிறது!

6. சுரங்கத்துக்கு விளக்கு, இரண்டு புட்டித் தண்ணீர், காயத்துக்கு மருந்து, பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். எல்லையில் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

7. பிரசவமானவர்கள், முக்கியமாக ஆபரேஷன் ஆனவர்கள், டாக்டர் சரி என்று சொன்ன பிறகே சைக்கிளில் ஏற வேண்டும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது. பாட்டரி உதவியோடு ஓடும் சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கிறது.

கடைசியாக ஒன்று. பிள்ளை பெற்ற முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேல் அது நீடித்தால், தூக்கமும் பசியும் போனால், குழந்தையிடம் ஒட்டுதல் இல்லை என்று அவள் சொன்னால், தயவுசெய்து டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ரத்தசோகையோ தைராய்டோ இருந்தாலும் உடம்பு அப்படிச் சோர்ந்துபோகும். அதையும் பார்த்துச் சொல்வார்கள். தனக்குத்தானே, அல்லது குழந்தைக்கு, ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறது என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள். நான் கேட்ட மாதிரி “உனக்கு என்னடி குறை?” என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஊருக்கு வந்ததும் நான் ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கிவிட்டேன். காலையில் பால் வாங்கப் போவது அதில்தான். எதிர்வீட்டு மாமி இன்னமும் மூக்கின் மேல் விரலை வைத்துக்கொண்டுதான் இருக்கிறார். சென்ற வாரம் தங்கை ஒரு போட்டோ அனுப்பினாள். அந்தக் கடலோரப் பாதையில், சைக்கிளின் பின்னால் கட்டின குழந்தை சீட்டில், தலையைவிடப் பெரிய ஹெல்மெட்டோடு என் மருமான் உட்கார்ந்திருக்கிறான். அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சிரிப்பு, அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டாளே, அந்த நாளில் பார்த்த அதே சிரிப்பு.